பனிமலைக் கையாந்தகரை

நான் போகிற மாலை வகுப்பின் பெயர் 'தாவரங்களை அடையாளம் காணுதல்'. சேர்ந்து மூன்று மாதமாகியும் எனக்கு மஞ்சள் பூவெல்லாம் ஒன்றாகவே தெரிகிறது. பகலில் பெண்டில் ஹில்லில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். அங்கே ஒரு நோயாளியின் பெயரையும் நான் மாற்றிக் கூப்பிட்டதில்லை. புதன்கிழமை மாலையில் மட்டும், அழுத்திக் காயவைத்த ஒரு டெய்சியின் முன்னால் நின்று, முதலில் சரியான பெயரை நினைத்து, பிறகு இவ்வளவு சுலபமாகக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று யோசித்து, பிழையான பெயரை எழுதிவிட்டு வருகிறேன். திரும்பி வரும் ரயிலில் அந்தப் பிழைக்கான காரணங்களைத் திகதி போட்டு நாட்குறிப்பில் எழுதுகிறேன். பிழை விடுவதிலாவது ஓர் ஒழுங்கு இருக்கட்டும்.

எங்கள் ஆசிரியை ஃபியோனாவுக்குப் பிடித்த செடி அல்பைன் கிரவுண்ட்செல். பனிமலை உச்சியில் கோடையில் மட்டும் பூக்கிற மஞ்சள் டெய்சி. குட்டைச் செடி. இலையின் ஓரம் சீப்புப் பல் மாதிரி வெட்டியிருக்கும். ஒரு தண்டுக்கு ஒரே பூ. "இதில் குழம்ப ஒன்றுமே இல்லை" என்பார். பிறகு அதன் சொந்தக்காரர்களைக் கொண்டுவந்து பக்கத்தில் பரப்புவார். கல்யாண வீட்டுக் குடும்பப் படம் மாதிரி இருக்கும். எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே மஞ்சள் உடுப்பு. ஒருவர் ஒரே தண்டில் பத்துப் பூ வைத்திருப்பார். ஒருவருக்குப் பூவின் கீழே காகிதம் போன்ற செதில்கள். ஒருவர் எங்கிருந்தோ கப்பலில் வந்து ரயில் பாதையோரம் பரவிய களை. செனேசியோ என்கிற இந்தச் சொந்தத்தில் பலருக்கு உடம்பில் ஒரு நஞ்சு இருக்கிறது என்றும், அதைத் தின்கிற மாடு குதிரைகளின் ஈரல் மெல்ல மெல்லக் கெட்டுப்போகும் என்றும் ஃபியோனா சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். மாடு குதிரை என்றுதான் எழுதினேன்.

அதே வகுப்பில் இன்னொரு கதையும் சொன்னார். முன்பு இங்கிருந்த இலங்கை ஆட்கள் பொன்னாங்காணி என்று நினைத்து, தடைசெய்யப்பட்ட ஒரு நீர்க்களையை வீட்டுக்கு வீடு வளர்த்துச் சுண்டிச் சாப்பிட்டார்களாம். அரசாங்க ஆட்கள் வீடு வீடாகப் போய்ப் பிடுங்கவேண்டி வந்ததாம். சொல்லும்போது ஃபியோனா மரியாதையாக என்னைப் பார்க்காமல் இருந்தார். மற்ற எல்லோரும் பார்த்தார்கள்.

நான் டூங்கபியில் பெரியப்பா வீட்டில் இருக்கிறேன். அம்மாவும் அப்பாவும் மெல்பேர்னில். பெரியப்பா ஜெயரட்ணம் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடக் கடைசியில் அவருடைய ஈரலில் கொழுப்பு இருப்பதாகச் சொன்ன டொக்டர், சோற்றைக் குறைக்கச் சொன்னார், தினமும் நடக்கச் சொன்னார், சனிக்கிழமை விஸ்கியை விடச் சொன்னார். மூன்றும் கஷ்டமான காரியங்கள். நான்காவதாக ஒரு வழி இருந்தே ஆகவேண்டும் என்று பெரியப்பா நம்பினார். அந்த வழி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

பக்கத்து வீட்டில் கௌரிசங்கர் அண்ணா. திருப்பூர்க்காரர். ஒரு வங்கியில் கணினி வேலை. ஓய்வு நேரத்தில் யூரியூப்பில் 'ஐந்து நிமிட மூலிகை' நடத்துகிறார். அவர் ஜனவரி நீண்ட வார இறுதியில் குடும்பத்தோடு பனிமலை பார்க்கப் போனார். ஜனவரி இங்கே நடுக்கோடை, மலையில் பனி இருக்காது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், தயிர்சாதம் கொண்டுபோன டப்பாவில் ஒரு செடியைக் கொண்டுவந்தார்.

"அங்கிள், என்ன கொண்டாந்திருக்கேன் பாருங்க. மஞ்சக் கரிசலாங்கண்ணி! மலை உச்சியில, உரம் மருந்து எதுவும் படாத இடத்துல. லிவருக்கு இதை அடிச்சுக்க ஒண்ணும் கிடையாது."

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "இது எங்கட பொற்றலைக் கையாந்தகரை எல்லே!"

"அதேதான் அங்கிள். நீங்க அப்படிச் சொல்றீங்க, நாங்க இப்படிச் சொல்றோம்."

"சின்ன வயசில பாத்த பூண்டு. இலையைப் பாத்த உடன பிடிச்சிட்டன்."

இந்த இரண்டு வீடும் ஐந்து வருடமாகச் சாம்பார், கிரிக்கெட், கோயில் நிர்வாகம் என்று எதிலும் ஒத்துப்போனதில்லை. அன்றைக்கு முதல் தடவையாக ஒரே கருத்துக்கு வந்தன. கருத்து பிழை என்பது ஒரு சின்ன விஷயம்.

"அண்ணா, அது நேஷனல் பார்க். அதுக்குள்ள ஒண்டும் பிடுங்கக் கூடாதெல்லோ?" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணுதான் வினு. அதுவும் ஸ்பூனாலதான் எடுத்தேன்" என்றார்.

கரண்டியால் எடுத்தால் சட்டத்துக்கு வலிக்காது போலிருக்கிறது. செடி அப்போது பூவில்லாமல், டப்பாவுக்குள் மடிந்து, தயிர் வாசத்தோடு கிடந்தது. அப்போது நான் வகுப்பிலும் சேர்ந்திருக்கவில்லை. இரண்டு பெரியவர்கள் இவ்வளவு நிச்சயமாகச் சொல்லும்போது நான் யார்?

பெரியம்மா விமலாதேவி அதை ஒரு தொட்டியில் நட்டார். அடுத்த நாள் டூங்கபியில் நாற்பத்திரண்டு பாகை வெயில். பனிமலைச் செடிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை நான் பார்க்கவில்லை, ஏனென்றால் அம்மா அப்பாவோடு இருக்க மெல்பேர்ன் போய்விட்டேன். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது தொட்டி நிறையப் பச்சை. பெரியம்மா அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினாராம். பெரியப்பா வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரையும் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார்.

"பனிமலையில நிண்ட பூண்டு. இந்த வெக்கைக்கும் அசையேல்லை. அதிலயே அதின்ர வீரியம் விளங்குதெல்லே?"

விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்கவில்லை.

மார்ச்சிலிருந்து பெரியப்பா காலையில் ஒரு பிடி இலையை மிக்ஸியில் அடித்து, மோரில் கலந்து, வெறும் வயிற்றில் குடிக்கத் தொடங்கினார். குசினிக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரே மூச்சில். குடித்து முடித்ததும் ஈரலின் பக்கம் கையை வைத்துக் கொஞ்ச நேரம் கவனிப்பார், அது ஏதோ பதில் சொல்வது மாதிரி. கௌரிசங்கர் அண்ணா அதை வீடியோ எடுத்து 'பனிமலைக் கரிசலாங்கண்ணி: ஈரலுக்கு இமயம்' என்று போட்டார். நமக்கு இமயத்தை விட்டால் வேறு மலை கிடையாது. அவர் குடிக்கவில்லை. அவருக்கு நேரமில்லை.

மே மாதம் அந்தச் செடி பூத்தது. வேலையால் வந்து, தோளில் பையோடு நேரே தொட்டிக்குப் போனேன். நல்ல மஞ்சள் டெய்சி. வகுப்பில் முதலில் சொல்லித்தந்ததை முதலில் செய்தேன், இலை தண்டில் எப்படி நிற்கிறது என்று பார்த்தேன். கையாந்தகரைக்கு இலைகள் எதிரெதிரே சோடியாக நிற்கும், தொட்டால் சொரசொரக்கும். இது ஒன்று விட்டு ஒன்றாக ஏறியது. வழவழவென்று இருந்தது. பூவின் கீழே இருந்த பச்சைக் கிண்ணத்தைப் பார்த்தேன். ஃபியோனாவின் மேசையில் கல்யாணப் படத்துக்கு நின்றவர்களின் கிண்ணம். மாடு குதிரை ஈரல் கிண்ணம்.

உடனே உள்ளே ஓடிப்போய் "குடியாதேங்கோ" என்று கத்தியிருக்க வேண்டும். நான் உள்ளே போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஏனென்றால் எனக்குப் பெயர் தெரியவில்லை. மலையிலிருந்து வந்தது, ஆகவே அல்பைன் கிரவுண்ட்செல். ஆனால் அது தண்டுக்கு ஒரு பூ, இதில் கொத்தாக நிறைய. அப்படியென்றால் அதே மலையில் இருக்கிற இன்னொரு சொந்தக்காரர். ஆனால் அவருடைய கிண்ணத்தில் செதில்கள் குறைவு. இல்லாவிட்டால் வெயிலில் வளர்ந்ததால் ஆள் மாறிவிட்டாரா? ஒவ்வொரு பெயருக்கும் சார்பாக இரண்டு காரணமும் எதிராக மூன்று காரணமும் எழுதினேன். சந்தேகத்தை நான் மிக நேர்த்தியாகச் செய்வேன். அடுத்த நாள் காலையில் மிக்ஸி சத்தம் கேட்டது. அதற்கும் மறுநாள் கேட்டது.

மூன்றாம் நாள் குசினி வாசலில் நின்று வாயைத் திறந்தேன்.

"பெரியப்பா, அது கையாந்தகரை இல்லை எண்டு நினைக்கிறன்."

"நினைக்கிறியோ, தெரியுமோ?"

"இலை எதிரெதிரா இல்லை. அந்தக் குடும்பம் ஈரலுக்குக் கூடாது."

"எந்தக் குடும்பம்? பேரைச் சொல்லு பாப்பம்."

"அது... நாலில ஒண்டு."

பெரியப்பா குவளையை மேசையில் வைத்தார். பெரியம்மா பக்கம் திரும்பினார். "கேட்டியோ விமலா? நாலில ஒண்டாம். இதுக்குத்தான் இந்தப் பிள்ளை வேலை முடிஞ்சு ரெயின் ஏறிப் போகுது. நான் கணக்குப் பாக்கேக்க ஆரும் வந்து லாபம் எவ்வளவு எண்டு கேட்டா, நாலு தொகையில ஒண்டு எண்டு சொன்னனானோ?"

"கொஞ்ச நாள் குடிக்காமல் இருங்கோவன், நான் கேட்டுச் சொல்லுறன்."

"நீ கேட்டுச் சொல்லுமட்டும் என்ர ஈரல் காத்துக்கொண்டிருக்குமோ பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, எனக்கு முன்னால் ஒரே மூச்சில் குடித்தார்.

குசினி யன்னலுக்கு வெளியே, வேலிக்கு மேலே கௌரிசங்கர் அண்ணாவின் தலை தெரிந்தது. "வினு, இது காலங்காலமா வர்ற அறிவு. புத்தகத்துல படிச்சா பிடிபடாது" என்றார். பிறகு அந்த அறிவை அவர் எடுத்த கட்டுரையின் இணைப்பை எனக்கு அனுப்பினார். அதில் இருந்த படத்தில் இலைகள் எதிரெதிரே சோடியாக நின்றன. நான் அதை வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். அவர் ஒரு கும்பிடு போட்டார். வட்ஸ்அப்பில் கும்பிடு வந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

புதன்கிழமை ஒரு கிளையைப் பிளாஸ்திக் பைக்குள் போட்டு வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஃபியோனாவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேள்வி கேட்டால் கேள்வியைத் திருப்பித் தருவார். "நீ என்ன நினைக்கிறாய்?" என்றார். பனிமலையிலிருந்து வந்தது, ஆகவே அல்பைன் கிரவுண்ட்செல், ஆனால் அது இல்லை என்றேன். "எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு, கையில் இருப்பதைப் பார்" என்றார். நான் அதைப் பார்க்கவில்லை. பெரியப்பா குடிக்கிறார் என்பதையும் சொல்லவில்லை. பொன்னாங்காணிக் கதைக்குப் பக்கத்தில் இன்னொரு கதையாக எங்கள் வீடு போய்விடும் என்ற வெட்கம். ஒரு வகுப்பின் முன்னால் மானம் போகாமல் இருக்க ஒரு மனிதனின் ஈரலைக் கொஞ்சம் காக்கவைக்கலாம் என்று முடிவுசெய்தேன். அதை எவ்வளவு முறையாக எழுதினாலும் அழகாக வரவில்லை.

வெள்ளிக்கிழமை பெரியப்பாவுக்கு இரத்தப் பரிசோதனை முடிவு. பெரியம்மா கார் ஓட்டுவதில்லை, பெரியப்பாவை ஓட்டவிட எங்களுக்குத் தைரியமில்லை, அதனால் அரைநாள் விடுப்பு எடுத்து நான்தான் கிரவீனில் இருக்கிற டொக்டரிடம் கூட்டிப்போனேன். டொக்டர் மிருணாளினி இங்கே பிறந்த தமிழர். திரையைப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார்.

"அங்கிள், ஈரல் நம்பர்ஸ் எல்லாம் ஏறியிருக்கு. போன முறையை விட நல்லா ஏறியிருக்கு. விஸ்கி?"

"சொட்டும் தொடேல்லை டொக்டர்." அது உண்மை. கையாந்தகரை குடிக்கும் காலத்தில் விஸ்கி பத்தியத்துக்கு ஆகாதாம்.

"புது மருந்து ஏதும்? வைட்டமின்? ஹேர்பல்?"

"ஒண்டும் இல்லை."

பெரியப்பா இதைச் சொன்ன விதத்தில் பொய்யே இல்லை. அவருடைய கணக்கில் கையாந்தகரை மருந்தல்ல, சாப்பாடு. நம் ஆட்களிடம் எந்த டொக்டர் கேட்டாலும் இந்தக் கேள்விக்கு இதுதான் பதில். வீட்டில் காய்ச்சுவதெல்லாம் சாப்பாடு, கடையில் வாங்குவதுதான் மருந்து. டொக்டர் தட்டச்சு செய்யத் தொடங்கினார். 'ஒன்றும் இல்லை' என்று எழுதுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

என் கையில் பெயர் இல்லை. நாலில் எது என்று கேட்டால் சொல்ல முடியாது. டொக்டர் கேட்பார், நான் திக்குவேன், பெரியப்பா சிரிப்பார்.

"குடிக்கிறார்" என்றேன்.

பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு செடியை ஒவ்வொரு நாளும் மோரில அடிச்சுக் குடிக்கிறார். மார்ச்சில இருந்து."

"என்ன செடி?"

"பேர் தெரியாது டொக்டர். கையாந்தகரை எண்டு நினைச்சுக் குடிக்கிறார். அது அது இல்லை. அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும். அது செனேசியோ எண்ட குடும்பம். அதில எது எண்டு தெரியாது."

நான் பயந்த கேள்வி வரவேயில்லை. அதில் எது என்று டொக்டர் கேட்கவில்லை. கதிரையைப் பெரியப்பா பக்கம் திருப்பினார்.

"அங்கிள், இண்டையில இருந்து நிப்பாட்டுங்க. பேர் தெரியாத செடி வேண்டாம். பேர் தெரிஞ்சாலும் வேண்டாம். ரெண்டு கிழமையில திரும்ப இரத்தம் எடுக்கவேணும். நிப்பாட்டாட்டி நான் உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவன், சரியா?"

"ஓம் டொக்டர்" என்றார் பெரியப்பா, மிகப் பணிவாக.

காரில் ஏறி பெல்ட் போட்டதும் பணிவு முடிந்தது.

"அவ இங்க பிறந்து வளந்தவ. மூலிகை எண்டா என்னெண்டு அவவுக்குத் தெரியுமோ? உடம்பில இருக்கிற அழுக்கைக் கிளப்பேக்க முதல் கொஞ்சம் ஏறித்தான் இறங்கும். கௌரிசங்கர் சொன்னவர்."

"கௌரி அண்ணா வங்கியில வேலை செய்யிறார் பெரியப்பா."

"நீ பல்லு டொக்டரிட்ட போன் எடுக்கிறாய். நீ கதைக்கேல்லையோ?"

நாளைக் காலையும் மிக்ஸி ஓடும் என்று தெரிந்தது. அழுகை வந்தது. அழுதுகொண்டு கார் ஓட்டுவது முறையல்ல என்பதால் டூங்கபி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், கம்பி வேலி நீளத்துக்கு மஞ்சள்.

ஒவ்வொரு நாளும் நான் ரயிலேறுகிற வேலி. புதன்கிழமைகளில் தாவரங்களை அடையாளம் காணப் போவதற்காக, இந்தத் தாவரத்தைக் கடந்து, ஓடிப்போய் ரயிலேறியிருக்கிறேன்.

இறங்கிப் போய் ஒரு கொத்தை ஒடித்தேன். வகுப்புக்குக் கொண்டுபோன கிளை இன்னும் கைப்பைக்குள் அதே பிளாஸ்திக் பையில் இருந்தது. பக்கத்தில் வைத்தேன். ஒன்று விட்டு ஒன்றாக ஏறும் இலை. கொத்தாகப் பூ. கிண்ணத்துச் செதில்களை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினேன். இங்கே இருபத்தொன்று, அங்கே இருபத்தொன்று. பனிமலையும் இல்லை, அல்பைனும் இல்லை. கப்பலில் வந்த சொந்தக்காரர். இருபத்தொரு செதில் அவருக்குத்தான். ஃபயர்வீட் என்கிற களை.

பெரியப்பாவும் இறங்கி வந்திருந்தார். வேலியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியோ! எங்கட கையாந்தகரை இங்கயும் நிக்குது. அந்த மண்ணில நிக்கிற மூலிகை இந்த மண்ணிலயும் நிக்குது!"

"பெரியப்பா, பனிமலைப் பூண்டு ரெயின் பாதையில என்னத்துக்கு நிக்குது?"

"காத்தில விதை வந்திருக்கும்."

"பனிமலையில இருந்தோ? கார் ஓடவே ஆறு மணித்தியாலம்."

கணக்காளர் அல்லவா, அந்த ஆறு மணித்தியாலத் தூரத்தை மனதுக்குள் காற்றின் வேகத்தால் பிரித்துப் பார்த்திருப்பார். அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக்காரர் நாயோடு வந்தார். நாய் அந்த வேலியை முன்பே அறிந்த நாய். நேராகப் போய், மிகச் செழிப்பான ஒரு செடியைத் தெரிவுசெய்து, காலைத் தூக்கியது. நாய்க்காரர் எங்களுக்கு ஹலோ சொன்னார். பெரியப்பா அந்தச் செடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை... ஆரும் மருந்தடிக்கிறவையோ?" என்று கேட்டார்.

"ஓம், அடிக்கிறவை. களை தானே."

"களை."

"ஓம்."

ஈரலுக்கு நஞ்சு என்று சொன்னபோது அசையாத மனிதர், ரோட்டோரப் புல் என்றதும் வீடு வரும்வரை காரில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். அவருடைய ஈரலை அவருடைய கௌரவம் காப்பாற்றப் போகிறது என்று எனக்குப் பட்டது. யார் காப்பாற்றினால் என்ன.

வீட்டில் பெரியம்மா கதவைத் திறந்ததும் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "கௌரிசங்கர் தந்த பூண்டுக்கு என்ன நடந்தது?"

பெரியம்மா என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"அது முதல் கிழமையே செத்துப்போச்சு."

"செத்துப்போச்சோ?"

"கருகிப்போச்சு. நான் எடுத்து எறிஞ்சுபோட்டு, பின்வேலியடி மண்ணை அள்ளிப் போட்டு மிளகாய்க் கண்டு வைப்பம் எண்டு இருந்தனான். அதுக்குள்ள அதில ஏதோ முளைச்சுது. நீங்கள் வந்து பாத்திட்டு, துளிர்த்திட்டுது துளிர்த்திட்டுது எண்டு துள்ளினியள்."

"நீ ஏன் சொல்லேல்லை?"

"வேலையை விட்ட பிறகு நீங்கள் காலமை எழும்பி ஒரு அலுவல் பாத்ததை நான் காணேல்லை. சந்தோசமா எழும்புறார், இலை கிள்ளுறார், அடிக்கிறார். கிடக்கட்டும் எண்டு விட்டிட்டன். அதே பூண்டுதான் திரும்ப வந்திருக்குமோ எண்டும் நினைச்சன்." பெரியம்மாவின் குரல் மாறியது. "டொக்டர் என்ன சொன்னவ, வினு? கூடிட்டுதோ?"

"கூடிட்டுது. ஆனா நிப்பாட்டினா இறங்கலாமாம்."

பெரியம்மா குசினிக்குள் போனார். மிக்ஸியின் சின்னச் சாடியை எடுத்துக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார். பிறகு வெளியே எடுத்து, இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, யோசித்துப் பார்த்து, திரும்பவும் குப்பைக்குள் போட்டார். பெரியப்பா பின்பக்கம் போய்த் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். நான் கையுறை கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டார். அந்த வீட்டில் நான் கொடுத்த ஆலோசனை ஒன்று எதிர்ப்பில்லாமல் போன முதல் சந்தர்ப்பம் அது.

புதன்கிழமை முழுக் கதையையும் வகுப்பில் சொன்னேன். தயிர்சாத டப்பாவையும் சேர்த்து. எல்லோரும் சிரித்தார்கள், ஃபியோனா மட்டும் சிரிக்கவில்லை. ஈரல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு, அடுத்த முறை பெயரைத் தேடுவதற்கு முன் தன்னைக் கூப்பிடச் சொல்லித் தொலைபேசி எண்ணைத் தந்தார். இப்போது பொன்னாங்காணிக் கதைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கதையும் இருக்கிறது. அடுத்த வருட மாணவர்கள் வேறொரு தமிழ்ப் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

கௌரிசங்கர் அண்ணாவுக்குப் பெரியப்பாவே வேலிக்கு மேலால் விஷயத்தைச் சொன்னார். அண்ணா கொஞ்சமும் தளரவில்லை.

"அப்போ ஒரிஜினல் போயிடுச்சா? அதான் அங்கிள் பிரச்சினை. ஒரிஜினலைக் குடிச்சிருந்தீங்கன்னா குணமாயிருக்கும்."

"அதுவும் இதே குடும்பமா இருக்கலாம் அண்ணா" என்றேன். "அதையும் குடிக்கக் கூடாது. வீடியோவை எடுத்துவிடுங்கோ."

அவர் எடுக்கவில்லை. தலைப்பின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டார். நானும் டொக்டரின் பெயரைச் சொல்லாமல் டொக்டர் சொன்னதை அதன் கீழே எழுதினேன். பெரியம்மா அவருடைய கோயில் தோழிகள் எல்லோருக்கும் அந்த வீடியோவை அனுப்பி, கூடவே 'இதைக் குடிச்சு என்ர மனுசன் சாகப் பாத்தார்' என்று குரல் பதிவும் அனுப்பினார். மறுநாள் வீடியோவைக் காணவில்லை.

இரண்டு கிழமை கழித்து எடுத்த இரத்தத்தில் எண்கள் இறங்கியிருந்தன. முழுதாக இல்லை, ஆனால் இறங்கியிருந்தன. டொக்டர் மிருணாளினி என்னைப் பார்த்துச் சிரித்தார். பெரியப்பா, தான் தினமும் நடப்பதால்தான் இறங்கியது என்றார். நடப்பது உண்மை. ரயில் நிலைய வேலிவரை நடந்துபோய், அங்கே காத்து நிற்கிற தமிழ் ஆட்களைப் பிடித்து, இது கையாந்தகரை இல்லை, தான் ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டவர் என்று விளக்கம் சொல்லிவிட்டு வருகிறார். செதில்களை எண்ணியும் காட்டுகிறார். பத்தொன்பதிலிருந்து இருபத்தாறு வரை ஒவ்வொரு நாளும் ஓர் எண் வருகிறது.

நேற்று மாலை கௌரிசங்கர் அண்ணா ஒரு கட்டுக் கீரையோடு வந்தார். அன்றுதான் மெல்பேர்ன் போய்த் திரும்பியிருந்தார், அங்கே அவருடைய நண்பர் வீட்டுப் பின்பக்கத்தில், தண்ணீர் தேங்குகிற இடத்தில் தானாகவே வளர்கிறதாம்.

"பொன்னாங்கண்ணி அங்கிள். கண்ணுக்கு நல்லது. நல்லாப் பாருங்க, இதுல சந்தேகமே இல்ல."

பெரியப்பா கையை நீட்டினார். கட்டை வாங்கினார். முகர்ந்து பார்த்தார். "ஓம், பொன்னாங்காணி தான்" என்று தொடங்கினார். பிறகு நிறுத்தி, கட்டை அப்படியே என்னிடம் நீட்டினார்.

"பிள்ளை, என்ன இது?"

தண்டைப் பார்த்தேன். உள்ளே குழாயாக இருந்தது. பூ இல்லை. பொன்னாங்காணியாக இருக்கலாம், ஃபியோனா சொன்ன அந்த நீர்க்களையாகவும் இருக்கலாம். சார்பாகவும் எதிராகவும் காரணங்கள் மனதில் வரிசையாக எழும்பின. அவற்றை இருக்கச் சொன்னேன்.

"தெரியாது" என்றேன்.

"தெரியாதாம்" என்று கௌரிசங்கர் அண்ணாவிடம் பெரியப்பா சொன்னார், ஏதோ பெரிய பரிசோதனை முடிவை வாசிக்கிற மாதிரி. கட்டை என் கையிலிருந்து வாங்கி, பிளாஸ்திக் பைக்குள் போட்டு, வாயை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். நான் ஃபியோனாவின் எண்ணைத் தேடினேன். குசினியிலிருந்து பெரியம்மா சத்தம் போட்டார், இரவைக்குப் பருப்புக் கறிதான், ஒருவரும் வெளியில் போய் ஒன்றும் பிடுங்கிக்கொண்டு வரவேண்டாம் என்று.